உறவினர் பெயர்: ஞானையா

வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக வீடு வீடாக வந்துகொண்டிருந்த குமரேசன் சார், தனத்தின் வாசலில் நின்றபடி தன் செல்போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவர் பக்கத்துத் தெரு நடுநிலைப் பள்ளியில் வாத்தியார். இருபத்துமூன்று வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் தங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துப் படிவத்தில் எழுத வேண்டுமென்று செம்பாக்கமே தவித்துக்கொண்டிருந்த கார்த்திகை மாதம். நிறையப் பேருக்குக் கிடைக்கவில்லை. தனத்துக்குக் கிடைத்துவிட்டது.

"இதோ பாருங்கம்மா, நானூத்திப் பன்னெண்டு. தனம், கணவர் பெயர் ஞானையா, வயசு முப்பத்தி மூணு. மேல் வரியில சாரும் இருக்காரு."

தனம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். மங்கலான பக்கம். வீட்டு எண், வாக்காளர் பெயர், உறவினர் பெயர், ஆணா பெண்ணா, வயது. மேல் வரியில் ஞானையா இருந்தான். அந்தக் கணக்கெடுப்பு நடந்தபோது அவன் வீட்டை விட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. வேறொருத்தியோடு போனவனை, வெளியூரில் வேலை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கணக்கெடுக்க வந்தவரிடமும் அதையேதான் சொல்லியிருக்க வேண்டும். பட்டியலில் அவன் குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்தான்.

குமரேசன் அடுத்த வீட்டுக்குத் திரும்பியபோது அவரைக் கூப்பிட்டு நிறுத்தினாள். இந்த மாதிரிப் பழைய பட்டியல் எல்லா ஊருக்கும் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும், யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம் என்றார். ஒரு பெண்ணின் பெயர் மட்டும் தெரியும், ஊர் தெரியாது என்றால் என்ன செய்வது? அவர் சிரித்துவிட்டார். எல்லாம் படமாக ஏற்றி வைத்தது, பெயரைத் தட்டினால் வராது, பக்கம் பக்கமாக உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும் என்றார்.

"அவங்க வீட்டுக்காரர் பேரு தெரியுமாம்மா? பொம்பளைங்க பேருக்கு நேரா அதுதான் போட்டிருப்பாங்க."

தெரியும் என்று தலையாட்டினாள் தனம். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேராகவும் ஞானையா என்றுதான் இருக்கும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அவளுடைய மகன் பென்னி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முப்பத்தொரு வயது. மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரயிலைப் பிடிக்கத் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஓடி ஏறியவன், மேல் படியில் உட்கார்ந்தான், பிறகு சாய்ந்தான். சாப்பாட்டுப் பை தோளிலேயே இருந்தது. ஒரு சிகரெட் குடித்ததில்லை, ஒரு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டதில்லை. போஸ்ட்மார்ட்டம் செய்தபிறகுதான் தெரிந்தது, இதயத்தின் சுவர் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு தடித்திருந்தது.

அந்தப் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையை எடுத்துக்கொண்டு தனமும் மகள் ஈவ்லினும் ஓர் இதய டாக்டரம்மாவிடம் போனார்கள். இது பரம்பரையாக வருவது என்றார் அவர். அப்பா, அம்மா இரண்டு பேரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தனத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. ஈவ்லினுக்கு எடுத்தார். திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், சுவர் கொஞ்சம் தடிமனாகத் தெரிகிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது, இது எல்லைக்கோட்டில் இருக்கிறது என்றார். ஈவ்லினுக்கு முப்பத்தைந்து வயது. அவளுடைய மகள் ரோஸிக்கு ஒன்பது.

மரபணுவைப் பரிசோதித்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. முதலில் வியாதி இருக்கிற ஒருவருடைய ரத்தத்தில் கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதன்பிறகுதான் அதே இடத்தை ஈவ்லினிடமும் ரோஸியிடமும் பார்த்து, உண்டு, இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். பென்னியைப் புதைத்தாகிவிட்டது. அவன் ரத்தத்தில் ஒரு சொட்டுகூட யாரும் எடுத்து வைக்கவில்லை.

"அவங்க அப்பா எப்படி இறந்தாரு?" என்று கேட்டார் டாக்டரம்மா. "அப்பா வழியில வேற யாராவது இருக்காங்களா? ஃபேமிலி ஹிஸ்டரி முழுசா வேணும்மா. அவங்களையும் உடனே பார்த்தாகணும்."

ஞானையா அவன் வீட்டில் ஒரே பிள்ளை, பெற்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள் என்றாள் தனம். அவன் குடித்துக் குடித்தே செத்தான் என்றும் சொன்னாள். இருபது வருஷமாக அப்படித்தான் சொல்லிவந்தாள். 

ஞானையா செத்த நாலாம் நாள் ஒரு பெண் அவள் வீட்டு கேட்டில் வந்து நின்றாள். கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுப் பையன், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. "அக்கா, நான் தபீதாள்," என்று ஆரம்பித்தாள். தனம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவள் போகவில்லை. வெளியே நின்று சத்தமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தெருவே கேட்கிறதே என்று கூசிப்போன தனம் பாத்ரூமுக்குள் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் கால் விரல்களுக்கிடையில் ஓடி, வெளியில் சத்தம் ஓய்ந்த பிறகுதான் மூடினாள். எதற்கு வந்திருப்பாள், செத்தவனின் பங்கைக் கேட்க வந்திருப்பாள் என்று அன்றைக்கு முடிவு கட்டினாள். அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, ஈவ்லினிடம்கூட.

இப்போது அந்தப் பையனுக்கு இருபத்தாறு வயது இருக்கும். எந்தப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கிறானோ.

முப்பது வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடுகளோடு இருந்தவள் தனம். பெயர்களை வரிசையாகப் படிப்பது அவளுக்குப் புதிதல்ல. பென்னியின் லேப்டாப்பைத் திறந்து தாம்பரம் தொகுதியின் முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்தாள். அந்தக் காலத்துத் தாம்பரம் தொகுதி கடல் மாதிரி இருந்தது. நூற்றுக்கணக்கான பாகம், ஒவ்வொன்றிலும் ஆயிரம் பெயர். உறவினர் பெயர் என்கிற பத்தியை மட்டும் மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே போவாள். காலையில் உட்கார்ந்தால் சாப்பிட மறந்துபோகும். நாற்பது பக்கத்துக்கு ஒரு ஞானையா வருவான். யாரோ ஒரு கிழவன், யாரோ ஒரு பெண்ணின் அப்பா.  ஒரு பாகத்தில் பாதிப் பக்கங்கள் கறுப்பாக விழுந்து எழுத்தே தெரியவில்லை. அதைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடி அதன்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தபீதாள் அந்தக் கறுப்புக்குள் இருந்தால் என்ன செய்வது?

சேலையூரிலிருந்து வந்த ஈவ்லின், அம்மா என்ன செய்கிறாள் என்று தெரிந்ததும் கத்தினாள். அந்தக் குடும்பத்தைத் தேடிப் பிடித்து என்ன ஆகப் போகிறது என்றாள். தனக்கு ஒன்றுமில்லை, டாக்டர்கள் பயமுறுத்துவார்கள் என்றாள். ஈவ்லின் பள்ளிக்கூட டீச்சர், அவளுடைய வகுப்பறை மூன்றாவது மாடியில் இருந்தது. மாடி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி மூச்சு வாங்கிக்கொள்வதாக அவள் கணவன் ஆல்வின் போனில் ரகசியமாகச் சொல்லியிருந்தான். தனம் மகள் போனதும் விட்ட வரியிலிருந்து தொடர்ந்தாள்.

பத்தொன்பது நாள் ஆயிற்று. தாம்பரம் தொகுதியில் தபீதாள் இல்லை. அடுத்து செங்கல்பட்டுத் தொகுதியை எடுத்தாள். கூடுவாஞ்சேரியின் ஒரு பாகத்தில், எழுபத்தாறாவது வரியில், ஞானய்யா என்று எழுத்து மாறியிருந்தது. விரல் அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. தபித்தாள், கணவர் பெயர் ஞானய்யா, பெண், வயது இருபத்தாறு. அதற்கு மேல் வரியில் ஞானய்யா, தந்தை பெயர் ஏசுபாதம், ஆண், முப்பத்தெட்டு. ஏசுபாதம் தனத்தின் மாமனார். ஒரே பட்டியலில் ஒரே மனிதன் இரண்டு ஊரில், இரண்டு மனைவிக்கு மேல் வரியில் இருந்தான். தனம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொறாமையும் இல்லை, கோபமும் இல்லை. தெருப் பெயர் இருந்தது, வீட்டு எண் இருந்தது. இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கூடுவாஞ்சேரி போனாள். ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட்டைத் தாண்டி அந்தத் தெருவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஆனால் அந்த எண்ணில் வீடு இல்லை. ஓட்டு வீடுகள் இருந்த வரிசை முழுக்க அடுக்குமாடி ஆகியிருந்தது. வாட்ச்மேனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மளிகைக் கடைக்காரர் அங்கே வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது என்றார். வெயிலில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நான்கு தடவை நடந்தாள். நடந்து நடந்து கால் ஓய்ந்து, இஸ்திரி வண்டி வைத்திருந்த பச்சையம்மா என்பவளிடம் தண்ணீர் கேட்டாள். தண்ணீர் கொடுத்தவளிடம் தபீதாள் பெயரைச் சொன்னாள்.

பச்சையம்மா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள். "ஞானையா வூட்டம்மாவா? அது அப்பவே காலி பண்ணிகினு போயிட்ச்சேம்மா. அந்த ஆளு ஒரு நாள் கடைக்குப் போய் வந்துகினே இருந்தாரு, அப்டியே வியுந்துட்டாரு. இங்கதான். குடிச்சிருந்தாருன்னு பேசிகினாங்க. பொய்யி. நான் தான் தலைய மடில வெச்சிகினேன், ஒரு வாசனை கெடையாது."

அவர்கள் எங்கே போனார்கள் என்று தனம் கேட்டாள். அது தெரியாது, மறைமலை நகர் பக்கம் என்று ஞாபகம் என்றாள் பச்சையம்மா. பிள்ளைகள் பெயர் நன்றாக நினைவிருந்தது. பையன் ஆபேல், பெண் ஏஞ்சல். நீ அவர்களுக்கு என்ன வேண்டும் என்று பச்சையம்மா கேட்டபோது, சொந்தம் என்று மட்டும் சொன்னாள் தனம்.

வீட்டுக்கு வந்ததும் குமரேசனுக்குப் போன் போட்டாள். அவர் படிவங்களின் குவியலுக்கு நடுவில் இருந்தார். ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். இப்போதைய பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம் கொடுத்துத் தேடலாம். பெண்ணைத் தேடாதீர்கள், கல்யாணம் ஆகியிருந்தால் புருஷன் பெயரில் போயிருக்கும். பையனைத் தேடுங்கள், அவனுக்கு எத்தனை வயதானாலும் அப்பா பெயர்தான் கூட வரும்.

ஆபேல் என்று போட்டாள். தந்தை பெயர் ஞானையா. வயது இருபத்தைந்து. இல்லை என்று வந்தது. இருபத்தாறு போட்டாள், இல்லை. ஆபெல், ஏபல், ஏபேல், ஞானய்யா, ஞானைய்யா. ஒவ்வொரு தடவையும் கோணல் மாணலாக எழுத்துகள் வந்து, அவற்றைச் சரியாகத் தட்டச் சொல்லும். தப்பானால் முதலிலிருந்து. கண்ணில் நீர் வழிந்து எழுத்து கலங்கியது. அவன் இல்லாமலே போயிருந்தால் எந்த எழுத்தில் போட்டாலும் இல்லை என்றுதானே வரும்? அந்த நினைப்பு வந்தபிறகு அடுத்த முறை தட்டவே கை வரவில்லை. எழுந்து போய்ப் பென்னியின் படத்துக்கு முன்னால் நின்றாள். ஜெபம் வரவில்லை. திரும்பி வந்து ஏபேல், ஞானய்யா, இருபத்தேழு என்று போட்டாள்.

ஒரே ஒரு வரி வந்தது. மறைமலை நகரில் ஒரு பள்ளிக்கூட வாக்குச்சாவடி, பாக எண், வரிசை எண்.

அந்தப் பாகத்தை இறக்கி வீட்டு எண்ணையும் தெருவையும் எடுத்துக்கொண்டாள். மகளிடம் சொல்லாமல் மறுநாள் மதியம் போனாள். சின்னக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. படி ஏறும்போது அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. மாடியில் ஏன் குடியிருக்கிறார்கள்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பது வயது, முன்தலை நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை என்று பிறகு தெரிந்தது. தனம் பெயரைச் சொல்வதற்கு முன்பே அவள் எழுந்துவிட்டாள்.

"வாங்கக்கா," என்றாள் தபீதாள். குரலில் வரவேற்பும் இல்லை, வெறுப்பும் இல்லை.

தனம் உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள். பென்னி செத்துப்போனது, இதயச் சுவர், பரம்பரை, உன் பிள்ளைகளை உடனே காட்டு, இன்றைக்கே காட்டு, அவனை மாடி ஏறவிடாதே, ஓடவிடாதே. பேசிக்கொண்டே போனவள் தபீதாளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அந்த முகத்தில் அதிர்ச்சி இருந்தது. ஆனால் வியாதியைக் கேட்டு வந்த அதிர்ச்சியாக அது இல்லை.

"பென்னி போயிட்டானா?" என்றாள் தபீதாள். "அவனுக்கு எதுவும் பார்க்கலையா நீங்க?"

"என்ன பார்க்கிறது? எங்களுக்கு யாரு சொன்னா?"

"நான் சொன்னேனேக்கா."

 தபீதாள்தான் மெதுவாகச் சொன்னாள். ஞானையாவுக்குப் போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் அவளை உட்காரவைத்து, இது குடியால் வந்தது இல்லை, இதயம் வீங்கிக் கிடக்கிறது, பிள்ளைகளை வருஷா வருஷம் காட்டு என்று சொல்லியிருந்தார். அவருக்கு வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடு என்றார். அதற்காகத்தான் அவள் செம்பாக்கம் வந்தாள்.

"நீங்க கதவச் சாத்திட்டீங்க. சாத்தினா என்ன, காதுல விழுந்தா போதும்னு வாசல்லயே நின்னு சொன்னேன். பசங்களுக்கு நெஞ்சு டெஸ்ட் எடுங்கக்கா, அவங்கப்பாவுக்கு இருந்தது அவங்களுக்கும் வரும்னு மூணு தடவை கத்தினேன். எதிர் வீட்டுக்காரங்ககூட எட்டிப் பார்த்தாங்க. நீங்க கேட்டிருப்பீங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன்."

தனம் சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். தபீதாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதைத் தொடவில்லை. குழாய் திறந்திருந்ததைச் சொன்னாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னாள், அதுவும் அவளிடமே.

ஆபேல் உயிரோடு இருந்தான். பத்தொன்பது வயதில் பஸ்ஸில் மயங்கி விழுந்திருக்கிறான். வருஷா வருஷம் காட்டிவந்ததால் டாக்டர்களுக்கு என்னவென்று உடனே தெரிந்து, இடது தோளுக்குக் கீழே ஒரு கருவியைப் பொருத்தியிருந்தார்கள். இதயம் தாளம் தப்பினால் அது அடித்து எழுப்பிவிடும். இரண்டு தடவை எழுப்பியிருக்கிறது. ஏஞ்சலுக்கு ஒன்றும் இல்லை, கல்யாணமாகி மதுராந்தகத்தில் இருக்கிறாள்.

தனம் வந்ததில் இன்னொரு பாதி மிச்சமிருந்தது. ஆபேலின் ரத்தம் வேண்டும், அதை வைத்துத்தான் ஈவ்லினுக்கும் பேத்திக்கும் பார்க்க முடியும் என்று கேட்டாள். தபீதாளின் முகம் இறுகிப்போனது. அவன் உடம்பில் குத்தாத இடமில்லை, எடுக்காத டெஸ்ட் இல்லை, இப்போதுதான் நாலு மாதமாக ஆஸ்பத்திரி வாசனை இல்லாமல் இருக்கிறான், முடியாது என்றாள். கெஞ்சக்கூடத் தனக்கு அருகதை இல்லை என்று தெரிந்தும் தனம் கெஞ்சினாள். தபீதாள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தனம் தன் போன் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் படி இறங்கினாள்.

அன்று சாயங்காலமே ஈவ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்க அவளிடம் தெம்பு இல்லை. ஈவ்லின் ரோஸியின் யூனிபாரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்தபிறகும் மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு நான் உள் ரூம்ல இருந்தேன்ம்மா. பதினைஞ்சு வயசு எனக்கு. யாரோ கத்துறாங்கன்னு தெரிஞ்சுது, நீ தண்ணியத் திறந்துவிட்டதும் எனக்கும் கேட்கல," என்றாள். யூனிபாரத்தை ஓரமாக வைத்துவிட்டு, "பென்னிய நீ..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். தனம் அவள் முடிக்க வேண்டுமென்று காத்திருந்தாள். முடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. ஈவ்லின் எழுந்து, நீ வீட்டுக்குப் போ என்றாள். அதன்பிறகு அவள் போனை எடுக்கவில்லை.

ஐந்து நாள் தனம் அந்த வீட்டில் எப்படி இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஆறாம் நாள் முற்பகல் கேட்டில் ஒரு பையன் வந்து நின்றான். கதவைத் திறந்தவளுக்கு ஒரு கணம் பென்னி நிற்பதாகவே தோன்றியது. அதே நெற்றி, அதே மாதிரி ஒரு தோளைச் சாய்த்து நிற்பது.

"பெரியம்மா, நான் ஆபேல்," என்றான்.

அவன் உள்ளே வந்து பென்னியின் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அம்மா வேண்டாம் என்றுதான் சொல்கிறாள், ஆனால் இது தன் ரத்தம், எங்கே வரவேண்டும் என்று சொன்னால் வருகிறேன் என்றான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கேட்காத ஒன்றைச் சொன்னான். மறைமலை நகரில் ஒரு ஈ-சேவை மையத்தில் அவனுக்கு வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் யாருக்கோ வாக்காளர் அட்டை எடுத்துக் கொடுக்கும்போது, சும்மா ஒரு ஆசையில் பென்னி, தந்தை பெயர் ஞானையா என்று போட்டுப் பார்த்திருக்கிறான். பெயர் அம்மா சொல்லித் தெரியும். செம்பாக்கம் என்று வந்தது, அந்தப் பாகத்தை இறக்கி விலாசத்தை எடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எதிர்ச்சாரியில் நின்றான்.

"அண்ணன் பைக்கத் துடைச்சுக்கிட்டிருந்தாரு. நல்லா, ஆரோக்கியமா இருந்தாரு. அவங்களுக்கு எல்லாம் சொல்லியாச்சு, அவங்க பார்த்துக்குவாங்கன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. அதனால அவருக்கு இல்லபோலன்னு நினைச்சேன். போய்ப் பேசினா வம்பாயிடுமோன்னு திரும்பிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் பெரியம்மா."

சொல்லிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். உன்மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும் என்று தனத்துக்குத் தெரிந்தது. ஆனால் அந்தத் தெருவும் துடைத்த பைக்கும் பத்தடி தூரமும் கண்முன் நின்று வாயைக் கட்டிப்போட்டன. அவன் அழுது முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். பிறகுதான் பக்கத்தில் போய் அவன் தலையில் கை வைத்தாள்.

"உங்கம்மா சொன்னது என் காதுல விழலடா. நான்தான் விழாம பண்ணிக்கிட்டேன். நீ இத சுமக்காத."

மறுநாள் ஆபேல் ரத்தம் கொடுத்தான். ஆல்வின் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனான். முடிவு வர ஐந்து வாரம் ஆனது. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. செம்பாக்கத்தில் தெருவெல்லாம் நட்சத்திரம் தொங்கியபோது தனத்தின் வீட்டு வாசல் மட்டும் இருட்டாக இருந்தது. ஆபேலிடம் கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதே இடத்தை ஈவ்லினிடமும் ரோஸியிடமும் பார்த்தார்கள். பொங்கல் முடிந்த வாரம் ஆல்வின் போன் செய்தான். ரோஸிக்கு இல்லை. சந்தேகமே இல்லாமல் இல்லை. ஈவ்லினுக்கு இருந்தது.

ஈவ்லினுக்கும் ஒரு கருவி பொருத்துவது என்று முடிவானது. அறுவைச் சிகிச்சை நாளை ஆல்வின்தான் சொன்னான். வா என்று அவன் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. போகலாமா என்று காலையில் சேலை கட்டியும் கட்டாமலும் நின்றிருந்தவளுக்குத் தபீதாளிடமிருந்து போன் வந்தது. ஆபேல் சொன்னான், தாம்பரம் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன், கிளம்பி வாருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.  ஆபேலுக்குச் செய்தபோது தான் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்ததைத் தபீதாள் ஒரு தடவை சொன்னாள். எவ்வளவு நேரம் ஆகும், முடிந்தபிறகு எந்தக் கையைத் தூக்கக் கூடாது, எத்தனை நாள் படுக்கச் சொல்வார்கள் என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. தனம் கேட்டுக் கேட்டு மனதில் பதித்துக்கொண்டாள்.

மதியம் இரண்டரைக்கு உள்ளே விட்டார்கள். ஈவ்லின் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். இடது தோளில் கட்டு. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பின்னால் நின்ற தபீதாளையும் பார்த்தாள்.  தனம் கண்ணீர் வந்தபோது துடைத்துக்கொள்ளக்கூடப் பயந்து அப்படியே நின்றாள்.

"ரோஸிக்கு மூணரைக்கு ஸ்கூல் விடும்," என்றாள் ஈவ்லின். குரல் காற்றாக வந்தது. "ஆல்வின் இங்கேயே இருக்கணும்னு சொல்லிட்டாங்க. நீ போய்க் கூட்டிட்டு வா. இன்னிக்கு ஸ்போர்ட்ஸ் ப்ராக்டிஸ் இருக்கு. அவ ஓடுவேன்னு சொல்லுவா. ஓடட்டும், விடு."

இரண்டு மாதத்தில் மகள் அவளிடம் பேசிய முதல் வார்த்தைகள். தனம் தலையாட்டினாள். பையை எடுத்துக்கொண்டு, தபீதாளிடம் ஈவ்லின் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, சேலையூர் பஸ் எந்தப் பக்கம் வரும் என்று விசாரித்துக்கொண்டே வெளியே நடந்தாள்.